உப்புத் தேத்தண்ணி

சிறுநீரகம் கொடுக்க முன்வரும் ஒருவருக்கு எங்கள் பதுளை ஆஸ்பத்திரியில் என்னென்ன பரிசோதனைகள் நடக்கும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரத்த வகை, திசுப் பொருத்தம், குறுக்குப் பொருத்தம், ஸ்கேன், இருதயம், மனநல வைத்தியரோடு ஒரு பேச்சு, இரத்த உறவு இல்லையென்றால் குழுவின் விசாரணையும் அமைச்சின் அனுமதியும். அந்தக் குழுவுக்குச் செயலாளராக இருந்தவன் நான். ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன ஞாபகம் இருக்கும்? பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் மறந்துபோகிறது. சுற்றறிக்கைகள் மறப்பதில்லை.

ஆனால் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத ஒரு பரிசோதனையும் எங்கள் பிரிவில் நடந்தது. அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு கேத்தல், ஒரு கோப்பை, பழைய பால்மா டின்னில் கொஞ்சம் உப்பு. அவ்வளவுதான்.

அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் சிறுநீரக மாற்றுப் பிரிவின் ஒருங்கிணைப்புத் தாதி. கொடுக்க வருபவர்களை முதலில் சந்தித்து, கடைசிவரை கூட இருப்பது அவருடைய வேலை. எல்லாரும் அவரை 'மிஸ்' என்று கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் எல்லாத் தாதியரும் மிஸ்தான். இருந்தாலும் 'மிஸ் வாறாங்க' என்று ஒரு சிற்றூழியர் ஓடிவந்து சொன்னால் எந்த மிஸ் என்று யாரும் கேட்டதில்லை.

குட்டையான, அகலமான உருவம். மூக்குக்கண்ணாடி கழுத்தில் கயிற்றில் தொங்கும். வாசிக்க வேண்டி வரும்போது அதை மேசையிலும் பையிலும் தேடுவார். மூன்று மொழியும் பேசுவார். ஏசுவது மட்டும் தோட்டத் தமிழில். எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் சிங்களவர், மகா கெட்டிக்காரர், அதைத் தானே அறிந்தும் வைத்திருந்தவர். அந்த நாட்களில் அவருக்குத் தெரிந்த தமிழ் 'போதும் போங்க' என்பது மட்டும். அதை அவர் படித்தது மிஸ்ஸிடம்தான், அவரையே பார்த்துச் சொல்லப்பட்டபோது.

பிரிவு தொடங்கிய புதிதில் ஒருநாள் மிஸ்ஸைத் தேடிப்போனேன். அதுவரை எங்கள் ஊவா மாகாண நோயாளிகள் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு ரயிலேறி வேறு ஊர் போனார்கள். பாதிப்பேர் போகாமலே இருந்தார்கள். இனி இங்கேயே செய்வோம் என்று முடிவானபோது நான் பாடுபட்டு ஒரு அறையை ஒதுக்கி, மேசை, நாற்காலி, திரைச்சீலை எல்லாம் போட்டுக் கொடுத்திருந்தேன். மிஸ் அந்த அறையில் இல்லை. சலவைப் பகுதிக்குப் பின்னால், படுக்கை விரிப்புகள் காயும் இடத்தில், ஒரு பழைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கேத்தல்.

"ரூம் பிடிக்கவில்லையா, மிஸ்?"

"ரூம் நல்லாத்தான் இருக்கு சேர். மேசதான் சரியில்ல."

"தேக்கு மேசை அது."

"தேக்கோ, பலாவோ. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் உக்காந்தா இந்தப் பக்கம் இருக்கிறவங்க தலையாட்டத்தான் செய்வாங்க. உக்காருங்க. தேத்தண்ணி குடிங்க."

ஒரு வாய் குடித்தேன். அப்படியே துப்பினேன். "இதென்ன, மட்டக்களப்புக் கடல்தண்ணியா?"

மிஸ் கைகொட்டிச் சிரித்தார். "சேர் பாஸ். நீங்க ஆருக்கு வேணும்னாலும் கிட்னி குடுக்கலாம். அத வாங்கிக்கத்தான் ஆள் கெடைக்கணும்."

பிறகு விளக்கினார். அவருடைய அப்பா ஹாலிஎலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கங்காணி. தோட்டத்தில் காலையில் எல்லாரையும் கூட்டிப் பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குக் கொழுந்து எடுக்கப் போவது என்று பிரித்து அனுப்புவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். "எங்கப்பா பேர் கூப்பிட்டா காய்ச்சல்காரங்ககூட 'இருக்கேங்க'ன்னு சொல்லிக் கூடையத் தூக்கிட்டுப் போவாங்க சேர். பரம்பரையா பேர் கூப்பிட்டாப் போற சனம். அது இங்க வந்து 'சரிங்க மிஸ்'னு சொன்னா, அத நம்பி நான் எப்பிடி வயித்தக் கிழிக்க விடுறது? உப்புத் தேத்தண்ணிய உப்புன்னு சொல்லப் பயப்படுற ஆளு, கிட்னி குடுக்க முடியாதுன்னு சொல்லுமா?"

"அதற்குத்தான் மனநல வைத்தியர் இருக்கிறாரே."

"அவருக்கு மேச இருக்கு சேர்."

நான் அலுவலகத்துக்குத் திரும்பி, இதைத் தடுக்க ஏதாவது விதி உண்டா என்று பார்த்தேன். கொடையாளியின் தேநீரில் உப்பிடக் கூடாது என்று தாபன விதிக்கோவையிலும் இல்லை, நிதிப் பிரமாணங்களிலும் இல்லை. ஆகவே அனுமதிக்கப்பட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

உப்பு என்று சொல்லாமல் குடித்து முடித்தவர்களை மிஸ் உடனே திருப்பி அனுப்பிவிடுவதில்லை. அவர்களோடுதான் அதிக நேரம் இருப்பார். வீட்டைப் பற்றி, ஆட்டைப் பற்றி, பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவார். கடைசியில் அவர்கள் வாயிலிருந்து 'பயமா இருக்கு' என்றோ 'வீட்டுல சொல்லித்தான் வந்தேன்' என்றோ ஒரு வார்த்தை விழும். அதற்குப் பிறகு வெளியே காத்திருக்கும் உறவினருக்கு ஒரே பதில்.

"பொருந்தல."

"எது மிஸ் பொருந்தல? இரத்தமா?"

"பொருந்தல."

"வேற ஆஸ்பத்திரியில காட்டினா?"

"பொருந்தல."

மறுப்பவரின் காரணத்தை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது எல்லா இடத்திலும் உள்ள நடைமுறைதான். ஆனால் அதைக் கல்லில் செதுக்கிய முகத்தோடு சொல்ல மிஸ்ஸால் மட்டுமே முடிந்தது. ஆண்டறிக்கை தயாரிக்கும்போது எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. எத்தனை மாற்றுச் சத்திரசிகிச்சை என்று போட அதில் இடம் இருக்கிறது. விருப்பமில்லாதவர் எத்தனைபேரை முழுசாக வீட்டுக்கு அனுப்பினோம் என்று போட இடம் இல்லை. எங்கள் பிரிவைப் பற்றி நான் அதிகம் பெருமைப்படுவது அந்தப் போடப்படாத எண்ணைப் பற்றித்தான்.

வெளியிலும் மிஸ் அப்படியே. பதுளைக் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடைக்காரர், முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் 'நானா', கேட்டதற்கெல்லாம் "நாளைக்கு வரும் மிஸ்" என்பார். ஒருநாள் நானும் கூட இருந்தேன்.

"நானா, இல்லன்னு சொல்லுங்க. எனக்குக் கோவம் வராது."

"அது வந்து மிஸ்... நாளைக்கு..."

"இல்லன்னு."

அவர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "இல்ல மிஸ். அந்தச் சாமான் இனி வராது."

"பாத்தீங்களா! எவ்வளவு நல்லா வருது வாயில." பெரியவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பத்துப் பேருக்குச் சொல்லி வந்த பொய்யை இறக்கி வைத்த முகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொனராகலைப் பக்கத்து விவசாயி ஒருவரின் மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளைச்சாவு அடைந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். மிஸ் கேட்க வாயெடுப்பதற்கு முன்னமே அந்தத் தகப்பன், "எல்லாவற்றையும் எடுங்கள், நோனா" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். சத்திரசிகிச்சைக் குழு ஒப்பரேஷன் தியேட்டரில் தயார். மிஸ் கேட்டது ஒன்றுதான். "அம்மா எங்கே?" அம்மா பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். பஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார் மிஸ். நிபுணர் கடிகாரத்தைக் காட்டினார். மிஸ் நாற்காலியைக் காட்டினார். பஸ் வந்தது. அந்தத் தாய் மகன் பக்கத்தில் வெகுநேரம் இருந்துவிட்டு, சிறுநீரகங்களைக் கொடுக்கலாம், கண்ணை மட்டும் தொடக் கூடாது என்றார். கண்தானம் சாதாரணமாகிப்போன நாடு இது. இருந்தும் யாரும் அவரிடம் இரண்டாம் முறை கேட்கவில்லை. மிஸ் கேட்க விடவில்லை. எல்லாம் முடியும்வரை தியேட்டருக்குள்ளேயே நின்று, முடிந்ததும் வெளியே வந்து அந்தத் தாயிடம் சொன்னார்: "கண் அப்படியே இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டேன்."

இனி தெமோதரைக் கதை.

தெமோதரைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். நோயாளி ஏற்கெனவே உள்ளே டயலிசிஸ் கட்டிலில் இருந்தான். கல்யாணமாகாத இளைஞன், கொழும்பில் கடையொன்றில் நின்றவன், இரண்டு சிறுநீரகமும் பழுதாகி ஊர் திரும்பியிருந்தான். கையில் போட்ட இரத்தக்குழாய் இணைப்பு திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. ஊசி போட இடம் தீர்ந்துகொண்டு வருகிறது, சீக்கிரம் மாற்றாவிட்டால் கையை விட்டுப் போய்விடுவான் என்று வைத்தியர் வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். தாய்க்குச் சீனி வியாதி. அண்ணனின் இரத்தம் ஒத்துவரவில்லை. அண்ணன் மனைவியின் இரத்தம் ஒத்துவந்தது. அவளைத்தான் கூட்டி வந்திருந்தார்கள்.

பேசியது முழுக்கத் தோட்டத்துத் தலைவர். தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்த்துப் பழகிய குரல்.

"எல்லாம் பேசி முடிச்சாச்சுங்க. கோயில் முன்னுக்குக் கூட்டம் போட்டுத்தான் முடிவெடுத்தது."

"யார் யார் பேசினீங்க?" மிஸ் கேட்டார்.

"பெரியவங்க எல்லாரும்."

"இந்தப் புள்ள?"

"அவதாங்க எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா."

மிஸ் தலைவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "ஒங்க இரத்தம் என்ன தலைவரே?"

"ஓ பொசிட்டிவ்ங்க."

"அடடே, ஒங்களதும் ஒத்துவரும் போலயே. வாங்க, டெஸ்ட் எழுதுறேன்."

"எனக்கு... பிரஷர் இருக்குங்க மிஸ்."

"எப்ப இருந்து?"

"இப்ப இருந்துதாங்க."

வேனில் வந்த ஒரு கிழவர் மட்டும் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. "எங்க மருமக சொன்னாக் கேட்டுக்குவா மிஸ். தங்கமான புள்ள" என்றார். புருஷன்காரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மிஸ் அந்தப் பெண்ணைத் தனியாகப் பெஞ்சுக்குக் கூட்டிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து என் அறைக்குள் வந்து, கேட்காமலே உட்கார்ந்தார்.

"ரெண்டு கோப்பை சேர்."

"என்ன?"

"முதக் கோப்பைய ஒரு சொட்டு விடாமக் குடிச்சா. எப்பிடின்னு கேட்டேன். நல்லா இருக்குங்கன்னா. இன்னொன்னு வேணுமான்னேன். குடுங்க மிஸ்னா. அதையும் குடிச்சா. கோப்பையக் கழுவி வேற வச்சிட்டுப் போயிருக்கா." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லா டெஸ்டும் சரியா வரும். எனக்குத் தெரியுது. இவள எப்பிடி நான் தியேட்டருக்குள்ள விடுறது?"

வெளியே போய், "பொருந்தல" என்றார்.

மாமியார் போட்ட சத்தம் வாட்டு வரைக்கும் கேட்டது. "பெத்த வயிறு எரியுது, பொருந்தல பொருந்தலன்னு கிளிப்புள்ள மாதிரி சொல்றியே! எம்புள்ள செத்தா நீ வந்து நிப்பியா?" மிஸ் அத்தனையையும் நின்றுகொண்டே கேட்டார். நிபுணர் அவரிடம், பையனுக்கு நாள் அதிகமில்லை என்று ஞாபகப்படுத்தினார். "தெரியும் டொக்டர்" என்பது மட்டும்தான் பதில். நிபுணர் நினைத்திருந்தால் மிஸ்ஸைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. கெட்டிக்காரர் என்று முன்னே சொன்னதை நான் வஞ்சப்புகழ்ச்சியாகச் சொல்லவில்லை.

இதற்கிடையில் உப்பு விவகாரம் வெளியே கசிந்துவிட்டது. தோட்டங்களில் செய்தி பரவத் தெமோதரை பஸ் ஒன்று போதும். பெஞ்சில் உட்காருகிறவர்கள் கோப்பை உதட்டில் படுமுன்பே முகம் சுளிக்கத் தொடங்கினார்கள். மிஸ்ஸுக்குச் சந்தேகம் வந்தது. இன்னொரு பால்மா டின்னில் சீனி நிரப்பி உப்பு டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே அச்சு. எதிலும் எதுவும் எழுதவில்லை; எழுதினால் பார்த்துவிடுவார்களாம்.

முதலில் மாட்டியவர் ஹாலிஎலைத் தோட்டத்தைச் சேர்ந்த ஒரு மாமா. அக்கா மகளுக்குக் கொடுக்க வந்தவர். மிஸ் அவருக்குச் சீனி போட்ட நல்ல தேத்தண்ணி கொடுத்தார். மாமா ஒரு வாய் குடித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ மிஸ்! உப்பு! வாயெல்லாம் வெந்து போச்சு!"

மிஸ் கோப்பையை வாங்கித் தானும் ஒரு வாய் குடித்தார். "சீனி எப்ப மாமா உப்பாச்சு?"

மாமா அசடு வழிந்தார். "லயத்து வீடுகள்ல எல்லாரும் சொல்லி விட்டாங்க மிஸ். உப்புன்னு சொன்னாத்தான் எடுப்பாங்களாம், இல்லாட்டி திருப்பி விட்டுருவாங்களாம். கிட்னி குடுக்க நானாத்தான் வந்தேன், சத்தியமா. இந்த உப்புக்குத்தான் அடுத்தவன் பேச்சக் கேட்டுட்டேன்."

அவர் சிறுநீரகம் கொடுத்தார். அக்கா மகள் இன்று பள்ளிக்கூட ஆசிரியை. நல்ல தேத்தண்ணியை உப்பென்று சாதித்தவர் என்ற பட்டம் மட்டும் மாமாவுக்குக் கடைசிவரை போகவில்லை.

தெமோதரை வேன் மறுபடியும் வந்தது. "சில நேரம் மாறிப் பொருந்தும்லங்க, இன்னொருக்காப் பாருங்க" என்றார் தலைவர். இந்தமுறை மிஸ் என்னையும் பெஞ்சுக்கு அழைத்தார். குழுவின் செயலாளர் சாட்சியாக இருக்கட்டும் என்றார். காய்ந்துகொண்டிருந்த விரிப்புகளுக்கு அப்பால் ஜன்னலில் தலைவரின் தலை தெரிந்தது.

மிஸ் தேத்தண்ணி ஊற்றினார். எந்த டின்னிலிருந்து போட்டார் என்று நான் பார்க்கவில்லை. அந்தப் பெண் ஒரு வாய் குடித்தாள். கோப்பையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி கோப்பையைப் பார்த்தாள்.

"என்ன புள்ள?"

"உப்புன்னு சொல்லச் சொன்னாங்க மிஸ்."

"ஆரு?"

"தலைவரும் மாமியும். வேன்ல வர்ற வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழக்கினாங்க." குரல் இறங்கியது. "ஆனா இது இனிக்குதுங்க."

மிஸ் கேத்தலைக் கீழே வைத்தார். "அன்னைக்குக் குடிச்சது?"

"அன்னைக்கு உப்பு. ரெண்டும் உப்பு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க ஊத்திக் குடுத்தீங்க. எப்பிடிச் சொல்றது?"

"இன்னைக்கு மட்டும் ஏன் சொல்ற?"

"இனிக்கிறதப் போயி எப்பிடிங்க மிஸ் உப்புன்னு சொல்றது?"

என் உத்தியோக வாழ்க்கையில் எத்தனையோ விசாரணைகளில் எத்தனையோ பேரின் வாக்குமூலம் கேட்டிருக்கிறேன். கேட்டவுடன் நிமிர்ந்து உட்கார வைத்தது இது ஒன்றுதான்.

"சரி. இப்ப கிட்னி. குடுக்க மனசு இருக்கா?"

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இல்லங்க மிஸ். பயமா இருக்கு. ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க எனக்கு." பிறகு அவசரமாக, "கோவிச்சுக்கிட்டீங்களா?"

"கோவமா? இத ஒன் வாயால கேக்கத்தான் நான் இவ்வளவு உப்பு வாங்கினேன்."

'பொருந்தல' என்று கேட்டதும் மாமியார் இந்தத் தடவை சத்தம் போடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மிஸ்ஸும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வேன் புறப்படும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகு மிஸ் என்னிடம் வந்தார்.

"அந்தப் பையன் போயிட்டா, அது ஆரு தலையில சேர்?"

"நடைமுறைப்படி யார் தலையிலும் இல்லை."

"ஒங்க நடைமுறை நல்லாத் தூங்கும் சேர். நான் என்ன செய்றது?"

என்னிடம் அதற்குச் சுற்றறிக்கை இல்லை. நாட்கள் போயின. பையனுக்குக் கழுத்தில் குழாய் போட்டார்கள். அது சீழ் பிடித்து, ஆறி, மறுபடி பிடித்தது. மிஸ் ஒவ்வொரு முறையும் போய் அவன் காலடியில் நின்றுவிட்டு வருவார். தான் காத்த ஒரு பெண்ணையும், அதனால் சாகக் கூடிய ஒரு பையனையும் சேர்த்தே சுமந்துகொண்டு நடந்தார். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு ஆளனுப்பவில்லை. ஒருதடவைகூட.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு வேலைநாளில் அவள் தானாக வந்தாள். வேன் இல்லை, தலைவர் இல்லை. பெரட்டுக்குப் போகாமல் பஸ் ஏறியிருக்கிறாள். மழை என்பதால் விரிப்புகளை எடுத்துவிட்டிருந்தார்கள். கூரைக்குக் கீழே பெஞ்சில் நானும் மிஸ்ஸும் இருந்தோம்.

"தேத்தண்ணி இருக்குங்களா மிஸ்?"

மிஸ் ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தவள் கோப்பையைப் பக்கத்துக் குட்டைச் சுவரின் மேல் வைத்தாள்.

"உப்பு. வேணாம். நல்லதா ஒன்னு ஊத்துங்க."

மிஸ் ஊற்றினார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இவள் வேறு பெண். குடித்துக்கொண்டே சொன்னாள்.

"கொழுந்தன்கிட்ட நாந்தான் போய்ச் சொன்னேன் மிஸ், பொருந்தலயாம்னு. 'நல்லது அண்ணி'ன்னான். பொருந்தியிருந்தாலும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன், நீங்க புள்ளைங்களப் பாருங்கன்னான். மூச்சு வாங்குது, அதோட சொல்றான்." முந்தானையால் முகத்து மழையைத் துடைத்தாள். "ஊரே குடு குடுன்னுச்சு. வேணாம்னு சொன்னது அவன் ஒருத்தன்தான். அவனுக்குக் குடுக்கலாம் மிஸ்."

அவளே தொடர்ந்தாள்.

"ஆனா தலைவர் ஆஸ்பத்திரிப் பக்கம் வரக் கூடாது. ஒப்பரேசன் முடிஞ்சு ஒடம்பு தேறுற மட்டும் நான் கூடை தூக்க மாட்டேன். அத நீங்க தோட்டத்துத் தொரைக்கு எழுதிக் குடுக்கணும். வெந்நீ வச்சுக் குடுக்கிறது மாமி. அவங்க கையாலயே."

மிஸ் என் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா சேர்?"

"கேட்டேன்."

"எல்லாம் முதல்ல இருந்து. ஒன்னையும் விடக் கூடாது."

ஒன்றையும் விடவில்லை. ஸ்கேன் முதல் மனநல வைத்தியர் வரை எல்லாம் நடந்தது. குழுவின் முன்னால் வழக்கமான கேள்வியை நான்தான் கேட்டேன்: "யாராவது உங்களை வற்புறுத்தினார்களா?"

"வற்புறுத்தினப்பதான் முடியாதுன்னு சொல்லிட்டேனே சேர்" என்றாள். குழுவின் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஒப்பரேஷன் நாள் காலை. தியேட்டர் வாசலில் மிஸ்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. தள்ளிவரும் கட்டிலின் சக்கரத்துக்கு முன்னால் தன் காலை வைத்துவிடுவார். எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் அந்தக் கால் எடுக்கப்படாது. புருஷன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். மாமியார் கொஞ்சம் தள்ளி, வெந்நீர் பிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"புள்ள, இப்பவும் எறங்கலாம். பொருந்தலன்னு சொல்லிருவேன். ஆரும் கேக்க மாட்டாங்க."

அவள் படுத்த வாக்கில் மிஸ்ஸைப் பார்த்தாள். "மிஸ், பெரட்டுலகூட ஒருக்காத்தான் பேர் கூப்பிடுவாங்க. காலை எடுங்க."

மிஸ் காலை எடுத்தார்.

பிறகு காத்திருப்பு. எனக்கு அன்று அங்கே எந்த அலுவலும் இல்லை. இருந்தும் பெஞ்சைத் தூக்கிவந்து தியேட்டருக்கு எதிரே போட்டு உட்கார்ந்திருந்தோம். ஆஸ்பத்திரித் தளபாடங்களை எழுத்து மூல அனுமதியின்றி இடம் மாற்றக் கூடாது என்று எனக்குத் தெரியும். மிஸ் கேத்தலையும் டின்களையும் கொண்டுவந்து தேத்தண்ணி ஊற்றினார். எனக்கொரு கோப்பை, தனக்கொரு கோப்பை. கண் மட்டும் கதவில்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. நிபுணரே தலையை நீட்டினார். முகக்கவசத்தை இறக்கிவிட்டு, நடைபாதை முழுக்கக் கேட்கும்படி தமிழில் கத்தினார்:

"மிஸ்! மூத்திரம் வருது!"

அந்தச் சொல்லை அவ்வளவு பெருமையோடு யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. புதிய இடத்தில் வைத்த சிறுநீரகம் மேசையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மாமியார் பிளாஸ்க்கோடு சேர்த்து மிஸ்ஸைக் கட்டிக்கொண்டார்.

அந்தப் பையன் இப்போது ஹாலிஎலையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறான். அவனுடைய அண்ணி அதே தோட்டத்தில் கங்காணி. ஆம், பெயர் கூப்பிடுகிறவள் இப்போது அவள். காய்ச்சல்காரர்கள் 'இருக்கேன்' என்றால் வீட்டுக்கு விரட்டுகிறாளாம். மிஸ் ஓய்வு பெற்று, சில வருடம் இருந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் பிரிவைப் பற்றிப் பேசும் மேடைகளில் நுட்பங்களையும் கருவிகளையும் பற்றிச் சொல்கிறார்கள். சொல்லட்டும், அவையும் உண்மைதான். எனக்கு நினைவில் நிற்பது சக்கரத்துக்கு முன்னால் இருந்த அந்தக் கால். பிறகு, அன்றைய அந்தத் தேத்தண்ணி.

காத்திருந்தபோது முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. டின் மாறிப்போயிருந்தது. என் கோப்பையில் உப்பு. பக்கத்தில் மிஸ்ஸைப் பார்த்தேன். அதே கேத்தல், அதே டின், அதே கரண்டி. அவர் கதவைப் பார்த்தபடி ஒரு வாய், இன்னொரு வாய் என்று குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஊரெல்லாம் உப்புக் கொடுத்துச் சோதித்த மனுஷி கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார். அவருடைய சட்டப்படி பார்த்தால் அன்று அவர் எதற்கும் சம்மதம் சொல்லத் தகுதியற்றவர்.

நிபுணர் கத்திவிட்டுப் போனபிறகு கோப்பையைக் கீழே வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தேத்தண்ணி நல்லா இருந்துச்சுல்ல சேர்?"

என் கோப்பையும் காலியாகத்தான் இருந்தது.

"நல்லா இருந்துச்சு மிஸ்" என்றேன். "இன்னொன்னு ஊத்துங்க."